மினியேச்சர் போர் விளையாட்டுகளில் விதிகளின் வரிசைச் சிக்கல்

மினியேச்சர் போர் விளையாட்டு என்பது சிறு படைவீரர் உருவங்களை மேசைமேல் நிறுத்தி, அளவுநாடாவும் பகடையும் கொண்டு இருவர் எதிரெதிராக ஆடும் விளையாட்டு. இதன் விதிநூல்களில் நீண்ட காலமாகத் தொடரும் குறை ஒன்று உண்டு. இரண்டு விதிகள் ஒரே கணத்தில் செயல்பட வேண்டி வந்தால் எதை முதலில் நிறைவேற்றுவது என்பதே அது. இதை வரிசைச் சிக்கல் எனலாம். ஆட்டக்காரர்கள் பலர் இதைச் சொற்பிழையாகவே கருதுகின்றனர். விதியைத் தெளிவாக எழுதியிருந்தால் சண்டை வந்திருக்காது என்பது அவர்களின் வாதம். அது பாதி உண்மை. வரிசையைத் தீர்மானிக்கும் உரிமை ஆட்டத்தில் ஒரு வலிமை. அந்த வலிமையை யாருக்கு, எந்த நேரத்தில் கொடுப்பது என்ற முடிவை விதிநூல்கள் தெளிவாக எடுக்காததே சிக்கலின் மறுபாதி. வார்ஹாமர் 40,000 விளையாட்டின் வரிசை விதியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை அதை ஆராய்கிறது.

சிக்கலின் தோற்றம்

உண்மையான போரில் இரு படைகளும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. மேசையில் அது இயலாது. ஒருவர் நகர்த்தி முடித்த பிறகே மற்றவர் நகர்த்த முடியும். ஆகவே விளையாட்டு, காலத்தை முறைகளாகவும், முறையைக் கட்டங்களாகவும் வெட்டுகிறது. வெட்டப்பட்ட இடங்களில்தான் சிக்கல் பிறக்கிறது. ‘கட்டத்தின் தொடக்கத்தில்’, ‘கட்டத்தின் முடிவில்’, ‘எதிரி நகர்ந்தவுடன்’ எனத் தொடங்கும் சிறப்பு விதிகள் எல்லாம் இந்த விளிம்புகளில் வந்து குவிகின்றன.

தொடக்ககால விளையாட்டுகளில் சிறப்பு விதிகள் குறைவு. ஒவ்வொரு அணிக்கும் தனித் திறன்கள் அச்சிடப்படும் இன்றைய விளையாட்டுகளில், ஒரே விளிம்பில் நான்கைந்து விதிகள் மோதுவது இயல்பு. அந்தத் திறன்களை எழுதியவர்கள் வேறு வேறு ஆண்டுகளில், வேறு வேறு படைநூல்களில் எழுதியிருப்பார்கள். ஒன்று மற்றொன்றைச் சந்திக்கும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க முடியாது.

சீட்டு விளையாட்டுகளும் இதே சிக்கலைச் சந்தித்துள்ளன. 1993இல் வெளிவந்த மேஜிக்: த கேதரிங், 1999இல் ஆறாம் பதிப்பின் விதிகளோடு ‘அடுக்கு’ முறையைக் கொண்டுவந்தது. கடைசியாக அடுக்கில் வைக்கப்பட்டது முதலில் நிறைவேறும். மினியேச்சர் விளையாட்டு இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. சீட்டு மேசையில் பிழை நேர்ந்தால், பல நேரங்களில் சீட்டைத் திரும்ப எடுத்துப் பழைய நிலையை மீட்கலாம். பத்து உருவங்களை ஆறு அங்குலம் நகர்த்திய பிறகு, அவை முன்பு நின்ற இடம் துல்லியமாக யாருக்கும் நினைவிருக்காது. அரை அங்குல வேறுபாடு, சுடும் தொலைவுக்குள் இருப்பதையும் இல்லாததையும் தீர்மானிக்கும். தவறான வரிசையில் நிறைவேற்றிய விதியைத் திரும்பப் பெற இங்கே வழியில்லை. அதனால், வரிசை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய தேவை மற்ற விளையாட்டுகளைவிட இதில் அதிகம்.

நடுவர் காலம்

நவீன போர் விளையாட்டின் மூலம் பிரஷ்யாவின் கிரீக்ஸ்ஷ்பீல். மூத்த ரைஸ்விட்ஸ் 1812இல் பிரஷ்ய அரசரிடம் இதன் முதல் வடிவத்தைக் காட்டினார். அவருடைய மகன், பீரங்கிப்படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ், 1824இல் திருத்திய விதிகளை வெளியிட்டார். இதில் ஒரு முறை என்பது போர்க்களத்தின் இரண்டு நிமிடம். இரு தரப்பினரும் ஆணைகளை நடுவரிடம் கொடுப்பர். எது முதலில் நடந்தது, யார் யாரை முந்தினர் என்பதை நடுவர் முடிவு செய்வார். 1876இல் ஜூலியஸ் ஃபான் வெர்டி டு வெர்னுவா, எழுதப்பட்ட விதிகளில் பெரும்பகுதியை விட்டுவிட்டு நடுவரின் போர் அனுபவத்தையே நம்பலாம் என்று வாதிட்டார். ‘கட்டற்ற கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற பெயர் இந்தப் போக்கைக் குறிக்கிறது.

நடுவர் இருந்தவரை வரிசைச் சிக்கல் பெரிதாகத் தெரியவில்லை. அது தீர்ந்துவிட்டது என்று பொருளில்லை, ஒரு மனிதரின் தலைக்குள் போய்விட்டது என்றே பொருள். இருபதாம் நூற்றாண்டில் இது இருவர் வீட்டில் ஆடும் பொழுதுபோக்காக மாறியபோது நடுவரின் நாற்காலி காலியானது. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதி 1971இல் வெளிவந்த செயின்மெயில் இதற்கு இரண்டு வழிகளைத் தந்தது. ஒன்று, மாறி மாறி நகர்த்துவது. மற்றொன்று, இருவரும் ஆணைகளை முன்கூட்டியே எழுதிவைத்து ஒரே நேரத்தில் நிறைவேற்றுவது. எழுதிவைக்கும் முறை நேர்மையானது, ஆனால் மெதுவானது. வணிக வெற்றி பெற்ற பிற்கால விளையாட்டுகள் பலவும் முதல் வழியையே பின்பற்றின. நடுவர் எடுத்த முடிவுகளை இனி விதிநூலே எடுக்க வேண்டியிருந்தது.

பகடையும் முறைக்குரியவரும்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம், ரிக் பிரீஸ்ட்லி எழுதிய வார்ஹாமர் 40,000 விளையாட்டை 1987இல் வெளியிட்டது. 2023இல் அதன் பத்தாம் பதிப்பு வந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரரின் முறையும் கட்டளை, நகர்வு, சுடுதல், பாய்ச்சல், கைகலப்பு என ஐந்து கட்டங்களைக் கொண்டது.

இதன் பழைய பதிப்புகள் சிலவற்றில் ‘மிக முக்கியமான விதி’ என்ற பகுதி இருந்தது. விதியின் பொருளில் இருவருக்கும் உடன்பாடு எட்டவில்லை என்றால் ஒரு பகடையை உருட்டலாம். 1 முதல் 3 வரை விழுந்தால் ஒருவரின் விளக்கம், 4 முதல் 6 வரை விழுந்தால் மற்றவரின் விளக்கம். ஆட்டத்தை நிறுத்தாமல் நடத்த இது உதவியது. ஆனால் இது விளக்கத்தைத் தருவதில்லை, சண்டையை மட்டுமே முடிக்கிறது. இன்று ஒருவிதமாக விழும் பகடை நாளை வேறுவிதமாக விழும். விதியைச் சரியாகப் படித்தவருக்கும் தவறாகப் படித்தவருக்கும் சம வாய்ப்புக் கொடுப்பது கவனமாகப் படிப்பதற்கு ஊக்கம் தராது.

வரிசைக்கென்று தனி விதி ஒன்றும் உண்டு. 2017இன் எட்டாம் பதிப்பில் அது தெளிவான சிறுகட்டமாகவே அச்சிடப்பட்டது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விதிகள் ஒரே நேரத்தில் நிறைவேற வேண்டியிருந்தால், யாருடைய முறை நடக்கிறதோ அவர் வரிசையைத் தேர்ந்தெடுப்பார். ஆட்டத்துக்கு முன்போ பின்போ, அல்லது ஒரு சுற்றின் தொடக்கத்திலோ முடிவிலோ மோதல் வந்தால், இருவரும் பகடை உருட்டி வென்றவர் வரிசையைத் தீர்மானிப்பார். இந்த விதியின் பெரும் நற்குணம் சுருக்கம். ஒரு முறை படித்தால் மறக்காது. நினைவில் நிற்காத பத்துப் பக்க விளக்கத்தைவிட நினைவில் நிற்கும் இரண்டு வரி மேலானது.

ஆனால் இதில் இரண்டு குறைகள் உள்ளன.

முதல் குறை சமநிலை பற்றியது. தம் முறையில் ஏற்கெனவே நகர்த்தவும் சுடவும் பாயவும் உரிமை பெற்றவருக்கே வரிசையின் உரிமையும் சேர்ந்துவிடுகிறது. இந்தச் சாய்வை நிறுவனமே உணர்ந்திருக்கக்கூடும் என்பதற்குக் கைகலப்புக் கட்டம் ஒரு சான்று. எட்டாம் பதிப்பில், பாய்ந்த அணிகள் சண்டையிட்ட பிறகு, மற்ற அணிகளை மாறி மாறித் தேர்ந்தெடுப்பதை முறைக்குரியவரே தொடங்கினார். 2020இன் ஒன்பதாம் பதிப்பில் அது தலைகீழானது. முறை யாருடையது அல்லவோ அவர் தொடங்குகிறார். கைகலப்பில் திருத்தப்பட்ட இந்தச் சாய்வு பொது வரிசை விதியில் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. வரிசைப்படுத்த வேண்டுமானால், வரிசையில் எவை நிற்கின்றன என்று முதலில் தெரிய வேண்டும். கட்டாயமாக நடக்கும் விதிகளில் அது தெரியும். விருப்பப்பட்டால் மட்டும் பயன்படுத்தும் விதிகளில் தெரியாது. யார் முதலில் தம் எண்ணத்தை அறிவிக்க வேண்டும் என்று வரிசை விதியின் வாசகம் சொல்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். பத்தாம் பதிப்பில் ‘ரேபிட் இன்கிரஸ்’ என்ற உத்தி உண்டு. எதிரியின் நகர்வுக் கட்டத்தின் முடிவில், ஒரு கட்டளைப் புள்ளியைச் செலவிட்டு, காத்திருப்பில் உள்ள ஓர் அணியைக் களத்தில் இறக்கலாம். பொதுவாக எதிரி உருவங்களிலிருந்து 9 அங்குலத்துக்கு மேல் தள்ளியே அதை நிறுத்த வேண்டும். முறைக்குரியவரிடம், அதே நகர்வுக் கட்டத்தின் முடிவில் தம் அணி ஒன்றைச் சில அங்குலம் நகர்த்தும் சிறப்புத் திறன் இருப்பதாகக் கொள்வோம். அவர் முதலில் நகர்த்தினால், எதிரி இறங்க நினைத்த இடத்தை அடைத்துவிடலாம். எதிரி முதலில் இறங்கினால், அந்தப் புதிய அணியைப் பார்த்து அதற்கேற்பத் தம் அணியை நகர்த்தலாம். இரண்டில் எது வேண்டும் என்பதை அவரே தேர்ந்தெடுப்பார்.

இப்போது எதிரி வாய் திறக்காமல் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முறைக்குரியவர் தம் திறனைப் பயன்படுத்தாமல் “நகர்வுக் கட்டம் முடிந்தது” என்கிறார். உடனே எதிரி, “முடிவில் என் அணியை இறக்குகிறேன்” என்கிறார். முறைக்குரியவர் இப்போது திரும்பிவந்து தம் திறனைப் பயன்படுத்தலாமா? இரண்டும் ஒரே கணத்தில் நடப்பவை, வரிசை தம் கையில், ஆகவே பயன்படுத்தலாம் என்பது ஒரு வாதம். கட்டம் முடிந்தது என்று அறிவித்ததன் மூலம் அந்த உரிமையைக் கைவிட்டுவிட்டார் என்பது மற்றொரு வாதம். இரண்டும் நேர்மையான வாசிப்புகள். வரிசை விதி இந்த இடத்தில் கைவிரிக்கிறது.

இதன் விளைவு மேசையில் தெரிகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மற்றவர் முதலில் பேசட்டும் என்று காத்திருக்கின்றனர். வேகமாகப் பேசியவர் இழக்கிறார், மெதுவாகப் பேசியவர் பெறுகிறார். நட்பு ஆட்டத்தில் இது சிறு சங்கடம். கடைசிச் சுற்றில் வெற்றி தோல்வி அந்த ஒரு கணத்தில் நிற்கும்போது, எதிரே இருப்பவர் ஏமாற்றினார் என்ற எண்ணத்தோடு ஒருவர் எழுந்து போவார். ஏமாற்றியது மனிதரல்ல, விதிநூல் விட்டுவைத்த இடைவெளி.

காலச் சொற்கள்

எல்லா மோதலும் உண்மையான மோதல் அல்ல. பல நேரங்களில் விதியின் காலச் சொல்லைக் கூர்ந்து படித்தால், இரண்டும் ஒரே கணத்தில் நடப்பவை அல்ல என்பது தெரியும். ‘எதிரி அணி சுட்ட உடனே’ என்ற விதியும், ‘சுடுதல் கட்டத்தின் முடிவில்’ என்ற விதியும் மோதுவதே இல்லை. கட்டத்தில் கடைசியாகச் சுட்ட அணிக்குப் பிறகும் இவற்றுக்கு இடையே ஒரு படி இருக்கிறது. முதலாவது முடிந்த பிறகே கட்டம் முடிவை அடைகிறது.

ஒன்பதாம் பதிப்பின் வெடிக்கும் வாகனங்கள் நல்ல முன்மாதிரி. வாகனம் அழிந்தால் அது வெடிக்கிறதா என்று பகடை உருட்ட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் இறங்குவதற்கு முன்பும், வாகனத்தை மேசையிலிருந்து எடுப்பதற்கு முன்பும் உருட்ட வேண்டும் என்று விதி சொன்னது. இந்த இரண்டு ‘முன்பு’களும் இல்லாவிட்டால் பெரும் குழப்பம் வந்திருக்கும். இறங்கியவர்கள் வெடிப்பின் தொலைவுக்குள் நின்று அடிபடுவார்களா, எடுக்கப்பட்ட வாகனத்திலிருந்து எப்படித் தொலைவை அளப்பது என்ற கேள்விகள் எழுந்திருக்கும். இரண்டு சொற்கள் அவற்றை எழாமலே தடுத்தன.

மாறாக, ஆங்கில விதிநூல்களில் மிகுந்த தொல்லை தரும் சொல் ‘வென்’. ஓர் அணி சுடத் தேர்ந்தெடுக்கப்படும் ‘வென்’ என்றால், தேர்வுக்கு முன்பா, தேர்வோடா, தேர்ந்த பிறகா என்பது அந்தச் சொல்லிலேயே இல்லை. தமிழில் இதை மொழிபெயர்ப்பவர் ‘சுடும்முன்’, ‘சுடும்போது’, ‘சுட்டதும்’ ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். விதியின் குறை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி. தமிழில் சொல்லிப் பார்க்கும்போது எந்த வடிவத்தைத் தேர்வது என்று தடுமாறினால், மூல விதியில் காலம் வரையறுக்கப்படவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

சொற்களைக் கூட்டிக்கொண்டே போவது மட்டும் தீர்வாகாது. பண்டைக்காலப் போர்களுக்கான விதிநூல்களை எழுதிய ஆங்கிலேயர் ஃபில் பார்க்கரின் நடை, ஒரு வாக்கியத்துக்குள் எல்லா நிபந்தனைகளையும் அடைக்கும் இறுக்கத்தால் ‘பார்க்கரீஸ்’ என்றே பெயர் பெற்றது. அதில் துல்லியம் உண்டு. முதல்முறை படிப்பவர் அந்தத் துல்லியத்தை அடைவது கடினம். நீளமோ இறுக்கமோ அல்ல, ஒரே காலச் சொல்லை நூல் முழுவதும் ஒரே பொருளில் பயன்படுத்துவதே தேவை.

வேறு இரு வழிகள்

ஃபேண்டசி ஃபிளைட் கேம்ஸ் 2012இல் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ்: எக்ஸ்-விங், விண்கலங்களின் சண்டை பற்றியது. இதில் ஒரே முனைப்பு எண் கொண்ட கலங்கள் ஒரே நேரத்தில் சுடுவதாகக் கொள்ளப்படுகிறது. ஒன்று அழிக்கப்பட்டாலும், அதே எண் கொண்ட கலங்கள் அனைத்தும் சுடும் வாய்ப்பைப் பெறும்வரை அது மேசையிலிருந்து எடுக்கப்படாது. அழிந்த கலமும் திருப்பிச் சுடும். வரிசையாக ஆடினாலும் ஒரே நேரம் என்ற கதை காப்பாற்றப்படுகிறது.

2018இன் இரண்டாம் பதிப்பு, திறன்களுக்கு ஒரு வரிசைப் பட்டியலைக் கொண்டுவந்தது. ஒரே நேரத்தில் பல திறன்கள் தூண்டப்பட்டால், முதல் ஆட்டக்காரர் தம் திறன்களைப் பட்டியலில் சேர்ப்பார், பிறகு இரண்டாமவர் சேர்ப்பார். நிறைவேறும்போது புதிய திறன் தூண்டப்பட்டால் அது பட்டியலின் முன்னால் சேரும். சந்தேகத்துக்கு இடம் குறைவு.

ஆனால் யார் முதல் ஆட்டக்காரர்? அப்பதிப்பில் 200 புள்ளிகளுக்குள் படை அமைக்க வேண்டும். குறைந்த புள்ளியில் படை அமைத்தவரே அதை முடிவு செய்யலாம். அதனால் போட்டியாளர்கள் வேண்டுமென்றே சில புள்ளிகளைச் செலவிடாமல் விட்டுவைத்தனர். படையின் வலிமையைக் குறைத்து, வரிசையின் உரிமையை வாங்கினர். வரிசை என்பது வெறும் நிர்வாக ஏற்பாடு என்பவர்களுக்கு இது போதுமான மறுப்பு. ஒன்றுமில்லாத பொருளுக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. பின்னர் 2022இல், ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டக்காரர்கள் தம் நகர்வுகளை மறைவாகத் திட்டமிட்ட பிறகே முதல் ஆட்டக்காரர் யார் என்பதை எழுந்தமானமாக முடிவு செய்யும் மாற்றம் வந்தது. அந்த ஏலம் அதோடு பொருளிழந்தது.

ஸ்பெயினின் கோர்வஸ் பெல்லி நிறுவனம் 2005இல் தொடங்கிய இன்ஃபினிட்டி வேறு வழியில் சென்றது. முறைக்குரியவர் ஓர் ஆணையின் முதல் பாதியை அறிவிப்பார். அதைக் காணும் எதிரி வீரர்களின் எதிர்வினைகளை மற்றவர் அறிவிப்பார். பிறகு முறைக்குரியவர் இரண்டாம் பாதியை அறிவிப்பார். எல்லாம் அறிவிக்கப்பட்ட பிறகே பகடைகள் உருளும். அவை அனைத்தும் ஒரே நேரத்தில் நடந்தவையாகக் கொள்ளப்படும். இங்கே வரிசை என்பது நிறைவேற்றத்தின் வரிசையல்ல, அறிவிப்பின் வரிசை. வார்ஹாமர் விட்டுவைத்த இடைவெளியை இது நேராக அடைக்கிறது. இதன் விலை, சுமை. ஒவ்வோர் ஆணைக்கும் இருவரும் இத்தனை படிகளைக் கடக்க வேண்டும். சில வீரர்கள் மட்டும் மோதும் சிறு களத்துக்கு இது பொருந்துகிறது. நூறு உருவங்கள் நிற்கும் மேசையில் இதை ஒவ்வோர் அசைவுக்கும் கடைப்பிடிப்பது கடினம்.

மதிப்பீடு

ஒரு வரிசை விதியை மூன்று கேள்விகளால் எடைபோடலாம். முடிவு எடுக்கும் முன்பே வரிசை தெரிகிறதா? அதனால் வரும் நன்மை ஒருபக்கம் சாயாமல் இருக்கிறதா? மேசையில் வேகமாக நிறைவேறுகிறதா? இன்ஃபினிட்டி முதல் இரண்டில் நன்கு தேறுகிறது, மூன்றாவதில் தடுமாறுகிறது. எக்ஸ்-விங் முதலாவதிலும் மூன்றாவதிலும் தேறியது, இரண்டாவதுக்காகப் பத்தாண்டுக்குப் பின்னும் விதியை மாற்ற வேண்டியிருந்தது. வார்ஹாமர் 40,000 மூன்றாவதில் மட்டும் உறுதியாகத் தேறுகிறது.

இது நண்பர்களின் விளையாட்டு, இத்தனை சட்ட நுணுக்கம் எதற்கு என்ற எதிர்வாதம் உண்டு. நண்பர்கள் விட்டுக்கொடுப்பார்கள் என்பது உண்மை. விட்டுக்கொடுப்பவர் எப்போதும் ஒருவராகவே இருந்தால் அந்த நட்புக்கு அதுவே சுமையாகும். தெளிவான விதி நட்புக்கு எதிரானதல்ல. யார் விட்டுக்கொடுப்பது என்ற கேள்வியே எழாமல் அது பார்த்துக்கொள்கிறது.

வார்ஹாமரின் விதியைக் கைவிடத் தேவையில்லை. அதற்கு முன்னால் ஓர் அறிவிப்புப் படி சேர்ந்தால் போதும். கட்டத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ, முறைக்குரியவர் தாம் பயன்படுத்தப்போகும் விதிகளை முதலில் சொல்ல வேண்டும். அடுத்து எதிர் ஆட்டக்காரர் சொல்ல வேண்டும். சொல்லாதவை அந்தக் கணத்துக்கு இல்லை. பிறகு முறைக்குரியவர் வரிசையைத் தேர்ந்தெடுக்கலாம். இதன்படி, பின்னால் பேசுபவருக்குத் தகவல் கிடைக்கிறது, முன்னால் பேசுபவருக்கு வரிசை கிடைக்கிறது. இரண்டு வலிமைகளும் ஒரே கையில் சேர்வதில்லை. மேலே சொன்ன எடுத்துக்காட்டில், நகர்த்தப்போகிறாரா என்பதை முறைக்குரியவர் முதலிலேயே சொல்லியாக வேண்டும். எதிரி அதை அறிந்து தம் அணியை இறக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். மௌனத்தால் யாரும் எதையும் பெற முடியாது.

விதிநூலில் இது அச்சேறும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. முதல் உருவத்தை மேசையில் வைக்கும் முன் இருவரும் இதற்கு ஒப்புக்கொண்டால் போதும். அந்த நேரத்தில் எந்தப் பக்கத்துக்கு இது சாதகம் என்று இருவருக்குமே தெரியாது. ஆகவே அப்போது பேசுவது எளிது. ஐந்தாம் சுற்றில், வெற்றிக்கு ஒரு புள்ளி குறையும் நேரத்தில் பேசத் தொடங்கினால், எவ்வளவு நேர்மையானவரும் தமக்குச் சாதகமான வாசிப்பையே காண்பார்.